கராஜ் வாசலில் ரோதமுனி

ஏப்ரல் 24, புதன்

காலையிலிருந்து தூறல். கடைச் சொந்தக்காரர் சரிபுதீன் நானா உள்ளே வந்து, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடகை வாங்க வந்தவர் சுவரைப் பார்க்கமாட்டார். வேறு ஏதோ விஷயம் என்று தெரிந்துவிட்டது.

"ராணி தங்கச்சி, மகன் இன்சாபுக்கு இதுல ஒரு ஃபோன் கடை போட்டுக் குடுக்கணும். வருஷக் கடைசி வரைக்கும் இருங்க. அவசரமில்ல" என்றார். சொல்வதற்குள் அவர் முகமே சுருங்கிப்போயிற்று. நல்ல மனிதர். கொட்டகலை பஜாரில் ஒரு தையற்காரியை இத்தனை காலம் இடம் மாற்றாமல் வைத்திருந்ததே பெரிது. நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

எனக்கு ஏன் கவலை? வீட்டில் கராஜ் இருக்கிறதே. வீடு கட்டும்போது முன்வாசலுக்குக் கதவு வாங்குவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் கராஜுக்கு இரும்புக் கதவு போட்டவர். பள்ளிக்கூட உப அதிபர் வீடென்றால் கராஜ் இருக்கவேண்டுமாம். கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. இத்தனை வருஷமாக அதில் விறகும் உரச் சாக்கும்தான் நிறுத்தியிருந்தோம். ரோட்டைப் பார்த்த கராஜ், பஸ் நிற்கிற இடம். தையல் கடைக்கு அதைவிட என்ன வேண்டும்?

சாப்பிடும்போது சொன்னேன். "அதுக்கென்ன ராணி, எடுத்துக்க. பென்ஷன் எடுத்துட்டு சும்மாதானே இருக்கேன். நானே வெள்ளையடிச்சுத் தர்றேன்" என்றார். இன்னொரு கரண்டி மீன்குழம்பு ஊற்றினேன்.

மே 4, சனி

விறகு வெளியே. வெள்ளையும் அடித்தாயிற்று, சுவரைவிடத் தரைக்குத்தான் அதிகம். கட்டிங் மேசை எங்கே, மெஷின் எங்கே, உடுப்பு போட்டுப் பார்க்கிற மறைப்பு எங்கே என்று தையல் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுவிட்டேன். மகள் லோஜினிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கொழும்பிலிருந்து இதயம் இதயமாக அனுப்புகிறாள்.

மே 19, ஞாயிறு

என் சாக்கட்டிக் கோட்டின் மேல் ஒரு கார் நிற்கிறது.

கல்யாண வீட்டுக்கென்று பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இறங்கினார். தொரை பங்களாவை ஹோட்டலாக்குகிறார்களாம், பின்கொட்டகையைக் காலிபண்ணும்போது அகப்பட்டதாம். நாலு சக்கரத்திலும் காற்றில்லை. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டே வந்திருக்கிறது.

"ராணி, இது என்ன தெரியுமா?"

"கோழிக்கூடு."

"ஒஸ்டின்! பெரிய தொரையோட ஒஸ்டின்! புது வாகனம் எறக்குமதி இல்லாத காலத்துல இது தங்கம். மூணு மாசம். ஓட வச்சிட்டா வெளிய எடுத்துருவேன். கராஜ் ஒனக்குத்தான்."

சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் காரின் கதவைத் தடவிக்கொண்டே சொன்னார்: சின்ன வயதில் இந்தக் கார் வரும் சத்தம் கேட்டால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்கவேண்டுமாம். ஒரு தடவை அவருடைய ஒரே பள்ளிக்கூடச் சட்டையில் சேற்றை அடித்துவிட்டுப் போய்விட்டதாம். "இதுல பின் சீட்ல உக்காந்து ஒரே ஒரு தடவை தோட்டத்துக்குள்ள போகணும் ராணி."

அப்போது வந்தது உப அதிபரின் குரல் இல்லை. அதனால் இன்றைக்கு நான் சண்டை போடவில்லை.

கோழியை நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

செல்லசாமி அண்ணன் வந்தார். தேயிலை ஃபாக்டரியில், எங்கள் பேச்சில் ஸ்டோர், மெஷின் பிட்டராக இருந்து ஓய்வு எடுத்தவர். தேயிலை அரைக்கிற ரோலரும், காயவைக்கிற அடுப்பும் அவருக்கு அத்துப்படி. கார் மட்டும் இதுதான் முதல்.

"எஞ்சின்னா எஞ்சின்தான் சேர். தேயிலை அரைச்சா என்ன, ரோட்ல ஓடினா என்ன" என்றார். இவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. காலையில் எஞ்சினைக் கழற்றினார்கள். பத்து மணிக்கு பிளேன்டீ. பிறகு எதை எங்கிருந்து கழற்றினோம் என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். மத்தியானம் சமாதானம். சோறும் நான்தான்.

ஜூன் 27, வியாழன்

நானா வீட்டு மருமகளின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி எடுக்க டப்பாவைத் திறந்தால் உள்ளே நட்டும் வாஷரும். கொக்கிகள் எங்கே என்று கேட்டேன். "கார்பரேட்டர் டப்பாவில பாரு" என்கிறார்.

கொழும்பில் பழைய கார் வைத்திருக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். அங்கே ஒரே மந்திரம்: ஒரிஜினல். ஒரு ஆணி மாறினாலும் கார் தீட்டுப்பட்டுவிடுமாம். உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் முழுநாளும் அலைந்து, ஒஸ்டினின் நெற்றியில் ஒட்டுகிற சின்ன இலச்சினையை வாங்கி வந்தார். எஞ்சின் தரையில் சாக்கின் மேல் கிடக்கிறது, நெற்றிப்பொட்டு வந்துவிட்டது. மாப்பிள்ளை இல்லை, தாலி மட்டும் ரெடி.

ஃபேன் பெல்ட்டுக்கு மட்டும் செல்லசாமி அண்ணன் ஸ்டோரில் கழித்துப்போட்ட பட்டையை வெட்டி மாட்டினார். "இது ஒரிஜினல் இல்லையே" என்றார் இவர். "ஸ்டோரும் வெள்ளக்காரன் கட்டுனது, காரும் வெள்ளக்காரன் செஞ்சது. ஒரே சாதிதான் சேர்."

ஜூலை 14, ஞாயிறு

ஒரிஜினல் செத்துவிட்டது. இப்போது புது மந்திரம்: அப்கிரேட். குழுவில் யாரோ ஒருவர் தன் காரில் எல்.ஈ.டி. விளக்குப் போட்டுப் படம் காட்டினாராம். உடனே இவருக்கும் எல்.ஈ.டி. விளக்கு, புளூடூத் ரேடியோ, பின்னால் வருவதைக் காட்டுகிற கமரா. முன்னாலேயே போகாத காருக்குப் பின்னால் பார்க்கக் கமரா.

"பிரேக்?" என்று கேட்டேன். இந்த மலை ரோட்டில் நான் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதானே?

"அது கடைசியில" என்றார். கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் முதலில்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மூன்று மாசம் முடிந்துவிட்டது. நினைவூட்டினேன். கேட்காததுபோல இருந்தார். பிறகு தானாகவே வந்து, குழைந்து, "ராணி, சீட்டுக்கு உறை மட்டும் தச்சிட்டா பாதி வேலை முடிஞ்சமாதிரி" என்றார்.

தைத்தேன். கடையில் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, கடும் சிவப்பு ரெக்சினில், ஓரத்துக்குக் கயிறு வைத்து. மெஷின் ஊசி உடைந்து உடைந்து போயிற்று. விரலில் வேறு ஏறிவிட்டது. சொன்ன நாளில் முடிந்த ஒரே வேலை அந்தக் காரில் அதுதான்.

படம் எடுத்துக் குழுவில் போட்டார். ஆஹா, அருமை, யார் செய்தது என்று கேட்டிருக்கிறார்கள். "லோக்கல் வர்க்" என்று பதில் போட்டிருக்கிறார்.

லோக்கல் வர்க்! நான்தானே? ஒங்க பொண்டாட்டிதானே? பேர் எழுதினா விரல் தேஞ்சிருமா?

செப்டம்பர் 8, ஞாயிறு

பிரேக் தவிர எல்லாம் மாட்டிப் பூட்டியாயிற்று. சாயமும் அடித்தாயிற்று, வெளிர் பச்சை, நல்ல கொழுந்து நிறம். திருப்புகிறார்கள், உறுமுகிறது, நிற்கிறது. ஒரு வாரமாக இதே கதை.

செல்லசாமி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்: "சேர், முனிக்கு எடம் குடுக்காம எஞ்சினைத் தொட்டது தப்பு. ரோதை சக்கரம் சுத்துற எடத்துல ரோதமுனி இருக்கணும்."

"ஸ்டோர்ல மெஷினுக்குக் காவல் இருக்கிற முனி, என் கராஜுக்கு எதுக்குய்யா? நான் முப்பது வருஷம் விஞ்ஞானம் சொல்லிக் குடுத்தவன்."

"விஞ்ஞானத்தத்தான் ஒரு வாரமா பாக்கிறமே சேர்."

செப்டம்பர் 13, வெள்ளி

விஞ்ஞானம் இன்றைக்குச் சாயங்காலம் சுருட்டு வாங்கப் போனது. சாராயமும்.

தண்ணீர்ப் பீலிக்கரையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்தார்கள். முனி எஞ்சினைப் பார்த்தபடி இருக்கவேண்டுமாம். வெளிச்சத்துக்காகக் காரை ரிவர்ஸில் தள்ளி, மூஞ்சி ரோட்டைப் பார்க்கத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே கல் காருக்கு நேர் எதிரே, கராஜ் வாசலுக்கு நட்டநடுவில். மஞ்சள், குங்குமம், சின்னச் சூலம். சேவலும் போயிற்று. பக்கத்து லயத்துப் பேச்சியம்மா குலவை போட்டார்.

செல்லசாமி அண்ணன் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. ஒஸ்டின் பிடித்துக்கொண்டது!

நானே கைதட்டிவிட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும், அந்தச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் கழன்று தொங்கிய வயர் ஒன்றைச் செல்லசாமி அண்ணன் இறுக்கியதை நான் பார்த்தேன். சொல்லவில்லை. கார் நாளைக்கு வெளியே போகும். என் கராஜ் எனக்கு வரும். முனி ஓடவைத்தால் என்ன, வயர் ஓடவைத்தால் என்ன?

செப்டம்பர் 14, சனி

போகவில்லை.

காரை எடுக்க வேண்டுமென்றால் கல்லை நகர்த்தவேண்டும். இவர் குனிந்து கையை வைத்ததும் பேச்சியம்மா ரோட்டிலிருந்தே கத்தினார்: "ஐயோ சேர்! சேவல் தின்ன கல்லு! கைய எடுங்க!"

பூசை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதானே நேற்றுச் சொன்னீர்கள் என்று செல்லசாமி அண்ணனைக் கேட்டேன். "அது வண்டி ஸ்டார்ட் ஆகாதுன்னு நெனச்சு சொன்னது, ராணியம்மா. இப்ப முனி ஏத்துக்கிருச்சே. இனி அதுவா உத்தரவு குடுத்தாத்தான் கல்லை அசைக்கலாம்" என்றார்.

ஒரு விஞ்ஞான ஆசிரியர், ஒரு பிட்டர், கராஜ் ஒன்று, வாசல் ஒன்று. காருக்கு முன்னால் சாமியை வைத்தால் கார் எப்படி வெளியே போகும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குலவைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லையே! அதுதான் இன்னும் எரிகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஒரே திருப்பில் ஓடிய கதை ஹட்டன் வரைக்கும் போய்விட்டது. ஆட்டோக்காரர்கள் காலையில் முதல் சவாரிக்கு முன் இங்கே வந்து எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். ஒருவருக்கு லைசன்ஸ் திரும்பக் கிடைத்ததாம். நேர்த்திக்கடனாக இன்று கல்லைச் சுற்றிச் சீமெந்து மேடை கட்டி, நீல நிற பாத்ரூம் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். நான் கடையில் இருந்த நேரத்தில்.

இவர் தடுக்கவில்லையா? தடுப்பாரா! ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டம் போட்டு "ரோதமுனி ஆலய பரிபாலன சபை" ஆரம்பித்திருக்கிறார்கள். தலைவர்: ஓய்வுபெற்ற உப அதிபர் திரு. கணேசமூர்த்தி. பென்ஷன் எடுத்த நாளிலிருந்து யாரும் இவருக்கு மாலை போடவில்லை. இன்று போட்டார்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே ஆண்டிக்குத் தலைவர் பதவியும் கிடைத்துவிட்டது.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு மறுநாள் கூட்டம். காருக்கும் மாலை. பம்பரில் சந்தனம், எல்.ஈ.டி. விளக்கில் குங்குமம். "முனி காரு" என்று பெயராகிவிட்டது. புளூடூத் ரேடியோவில் பக்திப் பாட்டு. என் சிவப்பு சீட்டின் மேல் தேங்காய் மூடிகள்.

உண்டியலும் வைத்துவிட்டார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

அழுது, கத்தி, பட்டினி கிடந்து ஒன்றைச் சாதித்தேன். உத்தரவு கேட்டுப் பார்க்கச் சம்மதித்தார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனிக் காகிதத்தில் மடித்து முனியின் காலடியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் கல்லை மாற்றலாம். பேச்சியம்மா கண்ணை மூடி எடுத்தார்.

சிவப்பு.

"முனிக்கு இங்கதான் இஷ்டம்" என்றார் தலைவர். அந்த முகத்தில் என்ன சந்தோஷம்! இந்த மனுஷன் நாலு மாசத்துக்கு முந்தி, பல்லி கத்தினால் சகுனமில்லை, அது ஊர்வனவற்றின் இனப்பெருக்க ஒலி என்று பிரசங்கம் பண்ணியவர்.

டிசம்பர் 1, ஞாயிறு

சரிபுதீன் நானா வந்து ரோட்டிலேயே நின்றார். "ஒங்க சாமி விசயத்துல நான் தலையிடமாட்டேன் தங்கச்சி. ஆனா இன்சாப் கடைக்குப் போர்டு எழுதக் குடுத்துட்டான்." எழுதி முடிந்த போர்டின் படத்தையும் காட்டினார், கூச்சத்தோடு. நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 7, சனி

இன்றைக்கு நேராகவே கேட்டேன். சாப்பாட்டு நேரம் இல்லை, சண்டையும் இல்லை. கதிரையை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, மெதுவாக. "ஏங்க, வருஷம் முடியப்போகுது. மெஷினை எங்க வைக்கிறது? புது வருஷ யூனிபோர்ம் ஓடர் எல்லாம் போயிரும். அந்த இடத்துக்கு நீங்கதானே வாக்குக் குடுத்தீங்க?"

"சபைக் கூட்டத்துல பிரேரணையா கொண்டுவர்றேன்" என்றார்.

பிரேரணை. என் வீட்டில் என் புருஷனிடம் ஒரு இடம் கேட்க எனக்குப் பிரேரணை வேண்டும். வழிமொழிய ஆட்டோ ஸ்டாண்டில் ஆள் பார்க்கவேண்டும். சமையலறையில் போய் நின்று அழுதேன். கோபத்தில் இல்லை. வெட்கமாக இருந்தது. இந்த மனுஷன் ஆசிரியர் பரீட்சைகளுக்குப் படித்த காலத்தில், வீட்டை இந்த மெஷின்தானே ஓட்டியது? அதை வைக்க ஒரு மூலை இல்லையா?

டிசம்பர் 10, செவ்வாய்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அப்படியானால் பூசாரியிடம் ஏன் கேட்கிறேன்?

டிசம்பர் 14, சனி

நேற்று நடந்ததை எழுதவேண்டும்.

வெள்ளிக்கிழமைப் பூசை. கூட்டம் ரோடு வரைக்கும். தப்பு மேளம் அடித்தார்கள். நான் இரண்டே இரண்டு வசனம் பாடம் பண்ணி வைத்திருந்தேன். என்னை வெளியே சவுக்கு மரத்தடியில் வை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வை. அவ்வளவுதான். கொண்டையை இரண்டு ஊசியில் லேசாகத்தான் சொருகியிருந்தேன். தலையை ஆட்டினால் அவிழும்படி. தையற்காரிக்கு எங்கே எவ்வளவு பிடிக்கவேண்டும் என்று தெரியாதா?

தப்பு வேகம் எடுத்ததும் ஆடினேன். முடி அவிழ்ந்து விழுந்தது. பேச்சியம்மா ஓடிவந்து என் இடுப்பில் துணியைக் கட்டி, "யாரு வந்திருக்கிறது?" என்றார்.

"ரோதமுனிடீ!"

செல்லசாமி அண்ணன் லேசுப்பட்டவர் இல்லை. "முனின்னா இதைப் புடி" என்று பற்றவைத்த சுருட்டை நீட்டினார். வாங்கி இழுத்தேன். எப்படி இருமாமல் இருந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. புகையை அவர் முகத்திலேயே விட்டேன். அவர் இரண்டு அடி பின்னால் போய்க் கும்பிட்டார்.

பிறகு இவரைப் பார்த்தேன். தலைவர் மாலையோடு நிற்கிறார். கல்யாணம் பண்ணியதிலிருந்து இவர் பேரை நான் சொன்னதே இல்லை.

"டேய் கணேசா!"

"சொல்லு சாமி" என்று கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இந்தப் பொகையில எனக்கு மூச்சு முட்டுதுடா. சவுக்கு மரத்தடியில, காத்துல வையி என்னைய. ஞாயித்துக்கிழமைக்குள்ள வையி!"

"வைக்கிறேன் சாமி."

பாடம் பண்ணியது அதோடு முடிந்துவிட்டது. நான் விழுந்து மயங்கவேண்டியதுதான் பாக்கி. ஆனால் விழவில்லை. வாய் நிற்கவில்லை.

"இந்தப் பொம்பள ஒன் வீட்டுக்கு வெளக்கேத்தினா. ஒன் மகளைப் படிக்க வச்சா. ஒன் காருக்குச் சீட்டுத் தச்சா, அதுக்கு அவ பேரைச் சொன்னியாடா? ஒரு எடம் கேட்டாளே, கராஜில ஒரு எடம்! எத்தன மாசமா கேக்குறா! ஒன் காதுல விழுந்துச்சாடா?"

"விழல சாமி" என்றார். பொய்யில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, உண்மையாகவே விழவில்லை.

"இப்ப விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சாமி."

அப்போதுதான் விழுந்தேன். தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து, ஒன்றும் தெரியாதவள்போல "என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். அதையும் பாடம் பண்ணியிருந்தேன்தான். ஆனால் கேட்கும்போது எனக்கே பாதி தெரியவில்லை. நடிப்பா? முனியா? முனி என்றால், அதற்குச் சீட்டு யார் தைத்தது என்று தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

பத்து மணிக்குள் கல் சவுக்கு மரத்தடிக்குப் போய்விட்டது. தலைவரே கடப்பாரை பிடித்தார். நீல டைல்ஸையும் ஒன்றும் உடையாமல் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

காரைத் தள்ளி வெளியே எடுத்ததும் கராஜ் தரையை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். கிரீஸுக்கு அடியில், கட்டிங் மேசைக்குப் போட்ட கோடு ஒரு மூலையில் இன்னும் இருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

பிரேக் பூட்டிய பிறகு, செல்லசாமி அண்ணன் ஓட்ட, இவர் பின் சீட்டில் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போனார். டிக்கியில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை. அதுதான் உண்மையான அப்கிரேட். என்னையும் கூப்பிட்டார். ஓடர் கிடக்கிறது, போகவில்லை.

சாயங்காலம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் "முனி காரு, முனி காரு" என்று கத்திக்கொண்டு கார் மேலேயே ஏறிவிட்டார்களாம். ஹோர்ன் அடித்தால் இன்னும் கிட்ட வருகிறார்களாம். ஒரு கிழவி பம்பரிலேயே தேங்காய் உடைத்து நெளித்துவிட்டாராம்.

"ஒருத்தரும் கானுல எறங்கல, ராணி" என்றார்.

அது சந்தோஷமா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. பிளேன்டீயில் சீனி ஒரு கரண்டி அதிகமாகப் போட்டேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

கடை சாமான் முழுவதும் வந்துவிட்டது. நானாவும் இன்சாபும் வந்து கட்டிங் மேசையைத் தூக்கித் தந்தார்கள். மெஷின் கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது. கார் வெளியே, முனிக்குப் பக்கத்தில் தார்ப்பாய்ப் படங்கின் அடியில்.

ஜனவரி 19, ஞாயிறு

யூனிபோர்ம் துணி குவிந்து கிடக்கிறது. ஒரு கஷ்டம்தான்: அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் என் காலைத் தொடுகிறார்கள். ஒரு தாய் மகளின் கவுனுக்கு அளவு எடுக்கும்போதே, "இவளுக்குக் குவைத் விசா எப்ப வரும், சாமி?" என்று கேட்கிறார். கவுன் செவ்வாய்க்கிழமை வரும் என்றேன்.

மத்தியானம் இவர் கராஜ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நுவரெலியாவில் ஒரு பழைய ஜீப் கிடக்கிறதாம். கூரை இல்லையாம். மூன்றே மாசமாம். கராஜ் வேண்டாமாம், சமையலறைக்குப் பின்னால் ஒரு ஓரம் போதுமாம்.

நான் தையலிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ராணி" என்றார், குரலை இறக்கி. "கேட்டுப் பாக்கிறியா?"

"யாருகிட்ட?"

கண்ணால் சவுக்கு மரத்தைக் காட்டினார்.

மெஷினை நிறுத்தினேன். கண்ணை மூடினேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டேன். "வேணாங்குது" என்றேன்.

"சரி" என்று போய்விட்டார். மறுபேச்சு இல்லை, பிரேரணை இல்லை. கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு இப்படி ஒரு சரி கிடைத்ததில்லை. கொஞ்ச நேரம் சிரிப்பாக வந்தது. பிறகு வரவில்லை. என்னைக் கேட்கவில்லையே, முனியைத்தானே கேட்டார்?

சரி, பார்ப்போம் என்று சாயங்காலம் சமையலறையிலிருந்து சொன்னேன்: "ஏங்க, இந்தத் தேங்காயைக் கொஞ்சம் திருவிக் குடுங்க."

"யாரு சொல்றது?" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"நான்தான்."

"வர்றேன், வர்றேன்." பேப்பர் அசையவில்லை.

தலை குளித்திருந்தேன். காயட்டும் என்று முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவ்வளவுதான் செய்தேன். இதை எழுதும்போது சமையலறையில் தேங்காய் திருவுகிற சத்தம் கேட்கிறது.